பொறியா, எண்ணெயா?

சித்திரை பிறந்து வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும், கிங்ஸ்டனுக்கும் டெடிங்டனுக்கும் இடையே தேம்ஸ் கரையில் நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு சத்தம் பழகிப்போயிருக்கும். சர்ரென்று ஓர் இழுப்பு, பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் ஓர் இழுப்பு. குளிர்காலம் முழுவதும் தார்ப்பாயின் கீழ் கிடந்த சிறு படகொன்றின் பின்பலகையில் தொங்கும் அவுட்போட் எஞ்சினை யாரோ கயிறிழுத்து எழுப்பப் பார்க்கிறார். அது எழும்பவில்லை. ஆளின் முகம் சிவக்கிறது, ஜாக்கெட் கழல்கிறது, எஞ்சினைச் செய்தவனின் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை நடக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதை அநேகமாக இப்போதே சொல்லிவிடலாம். புதுப் பிளக் வாங்கி மாட்டுவார். கையோடு காபரேற்றரையும் கழற்றிக் கழுவுவார். பழைய பெற்றோலை வடித்துவிட்டுப் புதியதை நிரப்புவார். எஞ்சின் ஓடும். என்ன பழுது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. மூன்று காரியத்தை ஒன்றாகச் செய்தவருக்கு எது பலித்தது என்று எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். வடமராட்சிக் கரையில் பிறந்து, இளமையில் மீன்பிடி எஞ்சின்களோடு கிடந்தவர். லண்டனுக்கு வந்தபின் எஞ்சினுக்குச் சம்பந்தமேயில்லாத வேலை. ஆனால் படகு வைத்திருக்கும் நம்மவர் சிலர் இருக்கிறார்கள். காற்றடைத்த றப்பர் படகும் பழைய எஞ்சினும் வாங்கி வைத்துக்கொண்டு தூண்டில் போடப் போகிற ஆட்கள். அவர்களுக்கு வில்லங்கம் வந்தால் இவரைத்தான் தொலைபேசியில் பிடிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி வந்த அழைப்பொன்றைப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

“எத்தினை தரம் இழுத்தனீர், தம்பி?”

“கை விட்டுப்போச்சு அண்ணை.”

“அந்தச் சிவப்புக் கயிற்றுக் கொக்கி கொழுவிக் கிடக்கோ?”

“ஓம், பாத்தனான்.”

“ராங்க் மூடியிலை காத்துத் திருகி திறந்திருக்கோ?”

“ஓம்.”

“அப்ப இனி இழுக்காதையும். பிளக்கைக் கழட்டும். நுனி ஈரமோ, காய்ஞ்சு கிடக்கோ? அதை மட்டும் சொல்லும்.”

காய்ந்து கிடந்தது. “அப்ப பொறியை மறந்திடும். எண்ணெய் வரேல்லை. குழாயிலை இருக்கிற றப்பர் குண்டை அமத்தும். இறுகுதோ, சொத்தெண்டு கிடக்கோ?” இறுகியது. அப்படியென்றால் ராங்கிலிருந்து காபரேற்றர் வாசல்வரை எண்ணெய் வந்து நிற்கிறது, வாசலைத் தாண்டவில்லை. போன வருடத்துப் பெற்றோல் காய்ந்து பிசினாகி, மிதவையின் ஊசியையோ ஜெட்டின் துவாரத்தையோ அடைத்திருக்கிறது. படகை அவர் கண்ணாலும் பார்க்கவில்லை. கேட்டது ஐந்து கேள்வி.

இந்தக் கேள்விகளின் ஒழுங்கில்தான் வித்தை இருக்கிறது. பெற்றோல் எஞ்சின் ஓட எரிபொருள் வேண்டும், காற்று வேண்டும், உரிய நேரத்தில் ஒரு பொறி வேண்டும், இவை எல்லாவற்றையும் அமுக்கிப் பிடிக்கும் சிலிண்டர் வேண்டும். அமுக்கம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கயிறு இழுக்கும் கையே சொல்லிவிடும். இடறாமல் லேசாக வரும் கயிறு கெட்ட சகுனம். மிஞ்சுவது இரண்டு சந்தேகம்: பொறியா, எண்ணெயா? பிளக்கின் நுனி ஈரமாக இருந்தால் எண்ணெய் வந்து சேர்ந்திருக்கிறது, சில வேளை அளவுக்கு மிஞ்சியே வந்திருக்கிறது. பொறியைத் தேடிப் போகலாம். காய்ந்திருந்தால் பொறியைத் தேடுவது வீண். ஈரம், காய்ச்சல் இரண்டில் எந்த விடை வந்தாலும் சந்தேகத்தில் பாதி கழிகிறது. செலவு ஒரு பிளக் சாவி. எந்தப் பக்கம் விடை வந்தாலும் நமக்கு ஏதாவது தெரியவருகிற கேள்விதான் நல்ல கேள்வி. புதுப் பிளக் மாட்டிப் பார்ப்பது அப்படிப்பட்ட கேள்வியல்ல. அது பலிக்காவிட்டால் புதுப் பிளக்கே பழுதோ என்ற சந்தேகம் வேறு சேர்ந்துகொள்ளும்.

அந்த இரண்டு சந்தேகங்களுக்கும் லண்டனில் ஒரே முகவரி உண்டு என்பது எனக்குப் பிடித்த விஷயம். அல்பமார்ல் தெருவில் இருக்கும் றோயல் இன்ஸ்டிடியூஷன். தேம்ஸுக்குத் தெற்கே நியூவிங்டனில் 1791ல் ஒரு கொல்லனின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் ஃபரடே வேலை செய்த இடம். இன்றும் அதன் கீழ்த்தளத்தில் அவருடைய ஆய்வுகூடத்தைப் பார்க்கலாம். 1831 ஓகஸ்ட் 29ம் திகதி அவர் வைத்துப் பார்த்த இரும்பு வளையமும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. பெரிய கருவியை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துபோவார். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வளையம். இரண்டு பக்கமும் செப்புக் கம்பிச் சுற்று. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே துணியும் சணல் நூலும். நம்மூர்க் கராச்சின் மூலையில் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஒரு சுற்றில் மின்சாரம் ஓடினால் மற்றதிலும் ஓடுமா என்பதுதான் ஃபரடேயின் கேள்வி. 1820களிலேயே சில தடவை முயன்று கைவிட்டிருந்தார். அன்று பட்டரியைத் தொடுத்தபோது மறுபக்கத்துக் காந்த ஊசி ஒருமுறை துள்ளிவிட்டுப் பழையபடி நின்றது. மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஊசி அசையவில்லை. தொடர்பைத் துண்டித்தபோது மறுபடி, எதிர்ப்புறமாகத் துள்ளியது. மின்சாரம் இருப்பதல்ல, அது மாறுவதுதான் மறுபக்கத்தில் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. அடுத்த சில கிழமைகளில் இரும்பு வளையத்தையும் பட்டரியையும் விட்டுவிட்டு, காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தும் இழுத்தும் அதே விளைவைக் கண்டார்.

பட்டரி இல்லாத சிறு அவுட்போட்டின் மூடியைக் கழற்றினால் இந்த இரண்டு பரிசோதனையும் ஒன்றாக இருக்கும். மேலே சுற்றும் பிளைவீலில் காந்தம் பதித்திருக்கிறது. அது கொயிலைத் தாண்டி ஓடுகிறபோது மின்சாரம் பிறக்கிறது. சரியான கணத்தில் அது அறுபடும்போது பக்கத்துச் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ற் எழும்பி பிளக்கின் இடைவெளியைப் பாய்ந்து கடக்கிறது. கயிறு இழுக்கிறவர் தன் தோள்மூட்டைத் தேய்த்து உண்டாக்குகிற மின்சாரம் அது. ஆகவே மெதுவாக இழுத்தால் பொறி வராது. நூறு தரம் மெல்ல இழுப்பதைவிட ஒருதரம் பலமாக இழுப்பது மேல்.

இன்னொரு சங்கதி. அறுபடுவதால்தான் பொறி என்றபடியால், அந்தச் சுற்றை நிலத்தோடு சேர்த்துவிட்டால் பொறி இல்லை. எஞ்சினை நிறுத்தும் பொத்தானும் சிவப்புக் கயிற்றுக் கொக்கியும் செய்வது அதைத்தான். உப்பேறிய பொத்தான் உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கிடந்தால், எஞ்சின் ஓடத் தயாராக இருந்தும் ஓடாது. ஈரமான பிளக்கைக் கண்ட நல்ல மெக்கானிக் கொயிலுக்குக் காசு செலவழிக்குமுன் அந்த நிறுத்தும் வயரைக் கழற்றிவிட்டுப் பொறி வருகிறதா என்று பார்ப்பார். பார்க்கும்போது பிளக்கின் உலோகம் எஞ்சின் உடம்பைத் தொட்டிருக்க வேண்டும். திறந்த பிளக் துவாரத்திலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும், ஏனெனில் அங்கே பெற்றோல் ஆவி நிற்கும். வெளியில் நன்றாக அடிக்கும் பொறி சிலிண்டருக்குள் அடிக்காமலும் போகலாம். அமுங்கிய காற்றைப் பாய்ந்து கடக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. தளர்ந்துபோன கொயில் வெளியில் நல்லபிள்ளைக்கு நடிக்கும்.

பொறியின் கதை இது. எண்ணெயின் கதையையும் அதே கட்டடத்தில் அதே ஆள்தான் சொன்னார். கிறிஸ்மஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு நடத்திய விரிவுரைகளில் ஃபரடே ஒரு மெழுகுதிரியை எடுத்துக்கொண்டார். முதலில் 1848ல், பிறகு 1860ல். அவர் காட்டியது இதுதான்: மெழுகு எரிவதில்லை. அது உருகுகிறது, திரியில் ஏறுகிறது, ஆவியாகிறது. எரிவது அந்த ஆவி. திரியை ஊதி அணைத்துவிட்டு, எழும் வெண்புகையில் திரியிலிருந்து சற்றுத் தள்ளி நெருப்பைக் காட்டினார். நெருப்பு புகைவழியே ஓடிப்போய்த் திரியைப் பற்றியது. சுடரின் கருமையான நடுப்பகுதியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயால் ஆவியை வெளியே எடுத்து, குழாயின் மறுமுனையில் கொளுத்தியும் காட்டினார். பெற்றோல் எஞ்சின் புழக்கத்துக்கு வருமுன்னமே காபரேற்றரின் வேலையை விளக்கிவிட்ட உரை அது.

இந்தப் பாடத்தை யாழ்ப்பாணம் 1990க்குப் பிறகு பாடநூல் இல்லாமல் படித்தது. அந்த ஆனியில் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பட்டரி இல்லை, மின்சாரமும் இல்லை. மோட்டார்சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் மைனஸ் 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் போன மண்ணெண்ணெய் சும்மா ஈரமாகத்தான் கிடக்கும். அதனால் போத்தலில் பொக்கிசம்போல் காத்து வைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி எஞ்சினை எழுப்பி, அது சூடேறி மண்ணெண்ணெயை ஆவியாக்கும் நிலைக்கு வரும்வரை பக்குவமாகப் பிடித்திருந்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். அது 1831ன் பரிசோதனை. ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்து விளக்கெரித்துப் படித்தார்கள். அது 1860ன் பரிசோதனை.

கடற்கரைக்காரருக்கு இதில் பாதி முன்பே தெரியும். நம் பக்கத்து மீனவர்களின் மண்ணெண்ணெய் அவுட்போட்டுகள் அந்த முறையில் ஓடுபவைதான்: பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, கரைக்கு வந்து நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றரில் கிடக்கும் மண்ணெண்ணெயை எரித்துத் தீர்ப்பது. கடைசி வேலையை மறந்தவன் விடியற்காலை கடலுக்குப் போகமாட்டான். அந்தப் பெற்றோல் பீய்ச்சலே பழுது பார்க்கவும் உதவியது. காற்று வாயில் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் கயிறிழுத்தால், எஞ்சின் இரண்டு செக்கன் உறுமிவிட்டு நிற்கும். பொறி இருக்கிறது, எண்ணெய்தான் வரவில்லை என்று ஆயிற்று. உறுமவே இல்லையா, பொறியைப் பார். ஈரம், காய்ச்சல் கேள்வியின் மறுபிறப்பு இது.

குடாநாட்டை விட்டு வெளியேறும் வழிகளான ஆனையிறவும் சங்குப்பிட்டியும் அடைபட்டபின் சனங்கள் கிளாலியிலிருந்து கடல்நீரேரியைக் கடந்தார்கள். எஞ்சின் பூட்டிய ஒரு படகு மற்றப் படகுகளைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு இரவில் போகும். கடற்படை சுட்டது, 1993 தை மாதத் தொடக்கத்தில் நடந்த தாக்குதலில் பயணிகள் பலர் இறந்தார்கள். அந்த நீரில் எஞ்சின் நின்றால் டோர்ச் அடித்துப் பார்க்க முடியாது. “விரலாலை தடவித்தான் பாக்கிறது. பிறகு மணந்து பாக்கிறது” என்றார் நான் சொன்ன அந்த அண்ணை. ஈரமா, காய்ந்திருக்கிறதா. இருட்டில் கேட்கக்கூடிய கேள்வி அது ஒன்றுதான் போலும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தட்டுப்பாடு ஆளைக் கெட்டிக்காரனாக்கும் என்ற கதையை நம்மவர்கள் விழா மேடைகளில் சொல்லிச் சொல்லி இனிப்பாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்சைக்கிள் எஞ்சின்கள் கரிபிடித்து, ஒயில் நீர்த்து, காலத்துக்கு முன்பே செத்தன. பெற்றோல் இருந்திருந்தால் அந்த மூளைகள் வேறு நல்ல காரியங்களைச் செய்திருக்கும். 2022 ஓகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானபோது எந்த மீனவரின் கெட்டித்தனமும் அவரைக் காப்பாற்றவில்லை. படகு கரையில் கிடந்தது. நான் மெச்சுவது தட்டுப்பாட்டையல்ல, அதற்குள்ளும் கைவிடப்படாத ஒழுங்கை: ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. அந்த ஒழுங்குக்கு வறுமை அவசியமில்லை. அல்பமார்ல் தெருவில் சம்பளத்தோடு இருந்த ஃபரடேயும் அதைத்தான் கடைப்பிடித்தார்.

லண்டனின் வளத்துக்கும் தனி வில்லங்கம் உண்டு. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெற்றோல் என்பது ஈ10, அதாவது பத்தில் ஒரு பங்குவரை எத்தனோல் கலந்தது. பெரும்பாலான கார்களுக்குப் பாதகமில்லை, கார் ராங்கைச் சீக்கிரமே காலியாக்கிவிடும். படகோ ஐப்பசியிலிருந்து சித்திரைவரை தூங்குகிறது. எத்தனோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நூற்றுக்கு அரைப்பங்கு அளவில் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனோலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அடியில்தான். அப்போது பிளக் ஈரமாகவே இருக்கும், அதன் பொறியும் நன்றாக இருக்கும், எஞ்சின் மட்டும் எழும்பாது. ஈரத்தை நம்பிப் பொறியைத் தேடுகிறவன் நாள் முழுக்கத் தேடுவான். ராங்கின் அடியிலிருந்து கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் போத்தலில் வடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் பிரிந்திருந்தால் நடுவே ஒரு கோடு தெரியும். எந்தக் கணினியும் வேண்டாம். புதிய எஞ்சின்கள் தம் பழுதை எண்ணாகச் சொல்கின்றன. கெட்ட பெற்றோலுக்கு அவற்றிடம் பெரும்பாலும் எண் இல்லை.

பிரிட்டிஷ் சீகல் என்று ஓர் எஞ்சின் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பிறப்பு, பூல் துறைமுகத்தில் உற்பத்தி. மூடியே கிடையாது, பிளைவீல், ராங்க், காபரேற்றர் எல்லாம் வெளியே தெரியும். ஒவ்வொரு தடவையும் கயிற்றைக் கையால் சுற்றி இழுக்க வேண்டும். அழகில்லை, சத்தம், புகை வேறு. ஆனால் ஈரமா, காய்ச்சலா என்ற கேள்விக்குப் பதில் தேட அதில் ஒரு திருகியும் கழற்ற வேண்டியதில்லை, பிளக்கைத் தவிர. இன்றைய எஞ்சினின் அழகான மூடியைப் பார்க்கும்போதெல்லாம் அது யாரிடமிருந்து எதை மறைக்கிறது என்றுதான் யோசிப்பேன்.

டெடிங்டன் அணைக்குக் கீழே தேம்ஸ் கடலுக்குக் கட்டுப்பட்ட ஆறு. லண்டன் பாலத்தருகே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே 7 மீற்றர்வரை வித்தியாசம் வரும். அந்தத் தண்ணீர் பாலத்தூண்களுக்கிடையே இழுக்கும் இழுவையில் நின்றுபோன எஞ்சினோடு இருப்பது விளையாட்டல்ல. 1989 ஓகஸ்டில் மார்சியோனஸ் என்ற உல்லாசப் படகு மணல் அள்ளும் கப்பலோடு மோதி மூழ்கி 51 பேர் இறந்தார்கள். அதன் விளைவாகத்தான் 2002 தை மாதத்தில் தேம்ஸுக்கே தனியாக உயிர்காப்புப் படகு நிலையங்கள் வந்தன. வோட்டர்லூ பாலத்தருகே இருப்பது அவற்றில் ஒன்று. இந்த நாட்டின் உயிர்காப்புப் படகுக்காரர் ஓடிப்போய் உதவும் உல்லாசப் படகுகளில் எஞ்சின் நின்றுபோனவை நிறைய.

தண்ணீரில் அடிக்கடி ஆளை ஏமாற்றும் பழுது ஒன்று உண்டு. எஞ்சின் நன்றாக எழும்பும், கொஞ்சத் தூரம் ஓடும், நின்றுவிடும், பொறுத்திருந்து இழுத்தால் மறுபடி ஓடும். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சூடேறியதும் கொயிலின் காப்பு இளகிப் பொறி சாகிறது, ஆறியதும் பிழைக்கிறது. அல்லது ராங்க் மூடியின் காற்றுத் திருகி பூட்டியிருக்கிறது. எண்ணெய் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் பிடித்து எண்ணெயை வரவிடாமல் இழுக்கிறது, காற்று மெல்லக் கசிந்து புகுந்ததும் விடுகிறது. வெளியே தெரியும் குணம் இரண்டுக்கும் ஒன்றே. கொயிலுக்குப் பெரும் காசு. திருகியைத் திறக்கச் சல்லியும் வேண்டாம். ஆனாலும் சனம் கொயிலைத்தான் முதலில் சந்தேகிக்கிறது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாதது. எஞ்சின் நின்ற அந்தக் கணமே ராங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் உங்கள் கொயில் நிரபராதி. ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. கேள்வியை உரிய நேரத்தில் கேட்கவும் வேண்டும்.

தடைக்காலத்தில் எஞ்சின் பார்த்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் ரூட்டிங்கிலும் இருக்கிறார்கள். பலர் பல்லாண்டாக எஞ்சினைத் தொடவில்லை. மண்ணெண்ணெய்க்கு ஜெட்டை எவ்வளவு பெருப்பித்தார்கள், ஒயிலை எந்த அளவில் கலந்தார்கள், எரிந்துபோன கொயிலை எந்தக் கம்பியால் திரும்பச் சுற்றினார்கள், எது பலிக்கவில்லை என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அளவுகளோடும் ஆண்டுகளோடும் எழுதி வையுங்கள். பலித்ததை மட்டும் எழுதாதீர்கள். பழுதான எஞ்சின்களையும் எழுதுங்கள்.